சுவரில் ஒரு உள்வாடகை

சென்னை வாடகை வீட்டுச் சுவரில் கரும்பூஞ்சை படர, வடகிழக்குப் பருவமழையின் நாலு நாள் ஈரமே போதும். மொட்டைமாடி விரிசலும் உள்ளே கசியும் குழாயும் அதற்குச் சோறு போடும். பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால்தான் குடியேறும். அட்வான்ஸ் கேட்டு யாரும் தொந்தரவு செய்வதில்லை. அதன் வித்துகள் மூக்கில் ஏறினால் தும்மல், இருமல். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு.

உரிமையாளரின் நிபுணத்துவம் வெளிப்படுவது இங்கேதான். “ஜன்னலைத் திறக்கிறதே இல்ல, உள்ளேயே துணி காயப்போடுறீங்க” என்று முதலில் காரணம் கண்டறியப்படும். அதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். அடுத்தது வைத்தியம்: ஈரம் காயுமுன் மேலே ஒரு கோட் பெயின்ட். தை பிறப்பதற்குள் அது கொப்பளித்து உதிரும். பூஞ்சை முன்னைவிட அகலமாகத் தலைகாட்டும். கசிவை அடைக்க வேண்டும் என்பது மட்டும் எவர் நினைவுக்கும் வராது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, கட்டமைப்புப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குடியிருப்பவர் அதை எடுத்துக்காட்டினால், “மகனுக்குக் கல்யாணம், வீடு வேணும்” என்ற பதில் வந்துசேரும். காலிசெய்யும் நாளில் பெயின்டிங் செலவென்று ஒரு மாத வாடகை அட்வான்ஸில் கழியும்.