நங்கூர மீமாம்சை

சொந்தப் பாய்மரப் படகில் சென்று சிறியதொரு கரிபியன் தீவைத் தரிசித்தவர்கள், அத்தீவின் வெண்மணலையும் தென்னஞ்சோலையையும் அந்திவானத்தின் வர்ண ஜாலங்களையும் வருணிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று யாத்திரை நூலாசிரியர்கள் நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கின்றனர். இக்கொள்கை விசாரணைக்கு நில்லாது. படகில் வந்தவன் தீவைப் பார்ப்பது அபூர்வம். அவன் சிந்தையெல்லாம் நங்கூரத்தில். நங்கூரமோ நீரடியில் கிடப்பது. ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் குறித்து இடையறாது தியானிக்கும் அவனுடைய நிலை, உல்லாசப் பிரயாணத்தைவிட வேதாந்த விசாரத்துக்கே அணித்தானது என்பது இக்கட்டுரையின் பிரதிக்ஞை.

ஆராய்ச்சிக்குரிய க்ஷேத்திரமாக, செயின்ட் வின்சென்ட் தீவுக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெக்வே தீவைக் கொள்வோம். சுமார் 18 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவுக்கு விமான நிலையம் வந்தது 1992-ஆம் ஆண்டில். அதுவரை அதிகாரியும் ஆட்டுக்கிடாயும் ஒரே கடல் வழியாகத்தான் வந்து சேர்ந்தனர். தீவின் மேற்குப் புறத்தில் அட்மிரால்டி குடா விரிந்திருக்கிறது. அதன் உட்கோடியில் போர்ட் எலிசபெத் என்னும் சிற்றூர். ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றுக்குக் குன்றுகள் முதுகு கொடுத்து நிற்பதால், குடாவின் நீர் சாதுவாக இருக்கும். இந்தச் சாது குணத்தை நம்பித்தான் பருவகாலத்தில் படகுகள் கூட்டங்கூட்டமாக வந்து அடைகின்றன.

இனி, கிரியையின் இலக்கணம். பிற்பகலில் ஒரு படகு குடாவுக்குள் நுழைகிறது, பாய்கள் சுருட்டப்படுகின்றன, கணவர் அணியத்தில் நங்கூரத்தருகே நிற்க, மனைவி பின்புறத்தில் சுக்கானைப் பிடித்திருக்கிறார். இடையே இருப்பது பன்னிரண்டு மீட்டர் படகும், இயந்திரத்தின் இரைச்சலும், எதிர்க்காற்றும். ஆதலால் அணியத்திலிருந்து புறப்படும் வாக்கியம் சுக்கானை அடையும்போது வினைச்சொல்லை இழந்துவிடுகிறது. கையசைப்பு மொழி ஒன்று உண்டு. ஆனால் ஒருவர் ‘இடப்புறம் திருப்பு’ என்று காட்டிய முத்திரையை மற்றவர் ‘அங்கே பார், ஆமை’ என்று பொருள் கொண்ட வரலாறுகள் பல. இந்தக் குறையைப் போக்க இருவரும் காதில் மாட்டிக்கொள்ளும் பேசுகருவியைப் படகு சமூகத்தார் தாம்பத்திய ரட்சகம் என்ற பொருளில் செல்லப் பெயரிட்டு அழைப்பது, கேலியன்று. கள ஆய்வின் முடிவு.

அதே வேளையில், அதுவரை ஆளரவமற்றிருந்த அக்கம்பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றின் மேல்தளத்திலும் ஒரு மனிதர் தோன்றுகிறார். அவர் கையில் ரம் இருக்கலாம், புத்தகம் இருக்கலாம். முகத்தில் இருப்பது உபகார சிந்தை போலத் தோற்றமளிக்கும் பதற்றம். முன்னே வந்து நங்கூரமிட்டவனுக்கே முன்னுரிமை; பின்னே வருபவன் அவனுடைய சுழல்வட்டத்துக்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டும் என்பது எழுதப்படாத ஸ்மிருதி. இரண்டு மணி நேரம் முன்பு வந்தவர், இரண்டு தலைமுறையாக அங்கே குடியிருப்பவரைப் போல இந்த உரிமையைப் பேணுவதைக் காணலாம். நிலவுடைமையின் தோற்றத்தைப் பற்றிப் பெருநூல்கள் எழுதிய அறிஞர்கள் ஒரு மாலைப்பொழுதை இக்குடாவில் கழித்திருந்தால் காகிதம் மிச்சமாகியிருக்கும்.

சங்கிலியின் நீளத்தைப் பற்றி ஆசாரியர்களிடையே பேதம் உண்டு. ஆழத்தைப் போல ஐந்து மடங்கு என்பர் ஒரு சாரார். ஏழு மடங்கு என்பர் மற்றொரு சாரார். ஆழம் 5 மீட்டர், அதனோடு கூட்ட வேண்டிய அணியத்தின் உயரம் 1 மீட்டர் என்று கொண்டால், முன்னவர்க்கு 30 மீட்டர், பின்னவர்க்கு 42 மீட்டர் சங்கிலி வேண்டும். காற்று முற்றி, சங்கிலி நேர்க்கோடாக விறைக்கும்போது, முதல் கணக்கில் அது கடல் தரையோடு பதினொன்றரை பாகைக் கோணமும், இரண்டாவதில் எட்டு பாகைக்குச் சற்று மேற்பட்ட கோணமும் செய்யும். கோணம் குறையக் குறைய நங்கூரம் மண்ணைக் கவ்வும். காற்று தணிந்திருக்கும்போதோ, ஈரவேட்டி காயும் கொடிக்கயிறு போலச் சங்கிலி தொய்ந்து கிடக்கும். இந்தத் தொய்வின் சூத்திரத்தை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி என்னும் மூன்று மேதைகள் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். மூவரில் ஒருவரேனும் பக்கத்துப் படகுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க அதைச் செய்யவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நங்கூரத்தின் வடிவமும் சாமானியர் கையில் விடப்படவில்லை. கேம்பிரிட்ஜில் திரவங்களின் கொந்தளிப்பை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்ற ஜி. ஐ. டெய்லர், தாமே பாய்மரப் படகோட்டியாகவும் இருந்தமையால், ஏர்க்கொழுவின் வடிவில் ஒரு நங்கூரத்தை 1933-இல் அமைத்தார். அதன் சந்ததி இன்றும் எண்ணற்ற படகுகளின் மூக்கில் தொங்குகிறது. பின்னர் வந்த டான்ஃபோர்த் மதம், புரூஸ் மதம் ஆகியவற்றைச் சார்ந்தோர் தத்தம் நங்கூரமே மோட்ச சாதனம் என்று வாதிடுவர். பிற சமயத்தாரின் நங்கூரம் இழுபடும்போது இவர்கள் முகத்தில் தோன்றும் சாந்தியை நாம் வேறு எங்கும் காணோம்.

நிற்க. நங்கூரம் பற்றியது என்பதற்குப் பிரமாணம் யாது? முதலாவது பிரத்தியட்சம்: முகமூடி அணிந்து நீரில் குதித்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்தவர்கள், நங்கூரம் மணலில் புதையாமல் பக்கவாட்டில் சாய்ந்து, கொழுமுனையில் ஒரு பிடி கடற்புல்லைக் கவ்விக்கொண்டு, தன்மேலேயே குவிந்த சங்கிலிக்கு அடியில் உறங்குவதைக் கண்டிருக்கின்றனர். இரண்டாவது அனுமானம்: இயந்திரத்தைப் பின்னோக்கி முடுக்கி, விறைத்த சங்கிலியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. கை சும்மா இருந்தால் பற்றியது. கடகடவென்று அதிர்ந்தால், நங்கூரம் கல்மேல் உருண்டு உம்மைத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது ஆப்தவாக்கியம்: “அங்கே பிடிமானம் பிரமாதம் சார்” என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்வது. அவர் தம்மைவிட்டு நாம் தள்ளியிருக்க வேண்டும் என்ற சுயநலமுடையவராதலால், அவரை ஆப்தர் என்று கொள்ளலாமா என்பது ஐயம். நான்காவது அர்த்தாபத்தி: விடியற்காலையில் கண் விழித்துப் பார்க்கையில் தீவு அதே இடத்தில் இருப்பதால், நங்கூரமும் பற்றியிருக்கத்தான் வேண்டும் என்று துணிவது. பெரும்பான்மையோர் இந்நான்காவதையே நம்பி வாழ்கின்றனர்.

“காசு கொடுத்தால் கட்டிக்கொள்ள மிதவை கிடைக்குமே, சிறு படகில் வரும் உள்ளூர் இளைஞர் கயிற்றையும் கையில் எடுத்துத் தருவாரே” என்று பூர்வபட்சி ஆட்சேபிக்கலாம். மிதவையின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் நீரில்தான் குதிக்க வேண்டும் என்க.

இனிதான் சோகம். வேற்று நாட்டிலிருந்து வந்த படகு, பாய்மரத்தின் வலப்புறத்தில் மஞ்சட்கொடி ஏற்ற வேண்டும். ‘எம் கலம் நோயற்றது, இறங்க அனுமதி வேண்டுகிறோம்’ என்பது சர்வதேசச் சங்கேத நூற்படி அதன் பொருள். சுங்கமும் குடிவரவும் முடியும் வரை கப்பல் தலைவர் ஒருவர் மட்டுமே கரையேறலாம். முடிந்த பிறகு மஞ்சட்கொடி இறங்கி, அந்நாட்டுக் கொடி ஏறும். விதியின் சூழ்ச்சியைக் காண்க: நங்கூரத்தின்மேல் நம்பிக்கை கடுகளவும் பிறவாத அந்த முதல் மணி நேரத்திலேயே, அதை நம்பாத ஒரே மனிதரைப் படகிலிருந்து அகற்றுகிறது சட்டம். அவர் ரப்பர் படகில் கரைசேர்ந்து, அதைப் பூட்டிவிட்டு, கடவுச்சீட்டுகளோடு அலுவலகத்தில் நின்று, பயணிகள் பட்டியலை நிரப்பி, கிழக்குக் கரிபியன் டாலரை எண்ணி வைக்கிறார். கண்களோ ஜன்னலுக்கு வெளியே, நூறு கொடிமரங்களுக்கு நடுவே தம்முடையது அசைகிறதா என்று தேடுகின்றன. படிவத்தில் ‘வருகையின் நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘உல்லாசம்’ என்று எழுதும் கை அவருடையதே.

இந்த அரங்கின் உண்மையான ரசிகர்கள் கரையில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது தோஷமாகும். பெக்வே மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் திறந்த பாய்ப்படகில் சென்று, கையால் ஈட்டியெறிந்து திமிங்கில வேட்டையாடியவர்கள். இன்றும் சர்வதேசத் திமிங்கில ஆணையம் ஆண்டுக்கு நான்கு வரை பிடிக்க இசைவளித்திருக்கிறது. ஸ்கூனர்களைக் கடற்கரையிலேயே கட்டி மிதக்கவிட்டவர்கள். அவற்றின் சிறுவடிவங்களை மரத்தில் செதுக்கி விற்கும் கைவினைஞர்கள் இவ்வூரில் இன்னும் இருக்கின்றனர். இத்தகையோர் பாதாம் மரத்தடியில் அமர்ந்து, மின்சாரத்தால் சங்கிலி சுற்றும் பொறியும் செயற்கைக்கோள் உதவியும் உடைய ஒரு படகு நான்காம் முறையாக நங்கூரத்தைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கையில் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அது மரியாதையா, கருணையா என்று நிச்சயிக்கப் போதிய ஆதாரம் நம்மிடம் இல்லை; மூன்றாவது காரணமும் இருக்கக்கூடும்.

நங்கூரத்தை எடுத்தல், எடுக்குங்கால் அதன்மேல் பக்கத்துப் படகின் சங்கிலி குறுக்கே கிடத்தல், அப்படகுக்காரர் அந்நேரம் கரையில் காலை உணவருந்திக் கொண்டிருத்தல் ஆகியவை உத்தர மீமாம்சையில் விரிக்கப்படும்.