சோலி இல்லாத சைக்கிள்

தாமிரபரணிப் பக்கம் சாலையில் போகிற எவரும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ‘எங்க போறிய?’ என்பது முதலாவது. ‘என்ன சோலியா?’ என்பது அடுத்தது. கேட்பவர் பதிலைக் காதில்கூட வாங்கமாட்டார். ஆனாலும் கேட்பது மரியாதை, சொல்வதும் மரியாதை. ரேஷன் கடை, பத்திர ஆபீஸ், சடங்கு வீடு, துட்டி வீடு என்று எல்லாருக்கும் ஒரு பதில் கைவசம் உண்டு. இல்லாத ஒரே ஆள், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் ஹெல்மெட்டும் இறுக்கமான பனியனும் மாட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே கிளம்பும் சைக்கிள் அண்ணாச்சி. பாபநாசம் வரை போவார், சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கே அவருக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது. ஆற்றில் குளிப்பதில்லை, கோயிலுக்குள் போவதில்லை. வண்டியைத் திருப்பி இன்னொரு ஐம்பது ஓட்டி வீடு வந்து சேர்வார். வங்கி அதிகாரி, பல் டாக்டர், கல்லூரிப் பேராசிரியர், ஜவுளிக்கடை முதலாளி என்று ஏதோ ஒரு வேஷத்தில் ஆறு நாளும் சோலியில் மூழ்கிக் கிடக்கும் மனிதர் ஏழாம் நாள் சோலியே இல்லாமல் நூறு கிலோமீட்டர் சுற்றுவதை ஊர் பொறுத்துக்கொள்கிறது. அவரால்தான் பொறுக்க முடியவில்லை. அவர் வாங்கும் சாமான், தேர்ந்தெடுக்கும் பாதை, எழுதி வைக்கும் கணக்கு எல்லாமே அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தயாரிக்கும் ஏற்பாடுகள் என்பது என் கட்சி.

முதல் சாட்சி சைக்கிளேதான். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து அனுப்பிய பழைய ஹெர்குலிஸை நினைத்துப் பாருங்கள். இருபது கிலோ அளவுக்கு எடை. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின்கவர், பெல், டைனமோ, பூட்டு. ஒவ்வொரு உறுப்பும் ஒரு சோலிக்காகப் பிறந்தது. பனங்காலத்தில் பதநீர்க்காரர் கேரியரில் கேனைக் கட்டி, மேலே குடிப்பதற்கு ஓலைப்பட்டைகளைச் செருகி, தன் எடைக்குச் சமமான பாரத்தை அதில்தான் தெருத்தெருவாக ஓட்டி வருகிறார். அண்ணாச்சியின் வண்டியில் இந்த உறுப்புகளில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் கழற்றி எறிந்தால்தான் கார்பன் சட்டம் போட்ட வண்டி எட்டு கிலோவில் நிற்கும். உலகப் பந்தயங்களை நிர்வகிக்கும் யூ.சி.ஐ. அமைப்பு 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டியைப் பந்தயத்தில் விடுவதில்லை. அண்ணாச்சி எந்தப் பந்தயத்திலும் ஓடப்போவதில்லை என்றாலும் அந்த எல்லையை நோக்கிக் கிராம் கிராமாக முன்னேறிக்கொண்டிருக்கிறார். இடுப்பைச் சுற்றியுள்ள கிலோக்கள் யூ.சி.ஐ. விதிக்குள் வராது. இத்தனைக்கும் பிறகு வீட்டில் ‘கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க’ என்று குரல் வந்தால் அவர் தேடுவது ஸ்கூட்டர் சாவியை. சைக்கிளை நிறுத்த ஸ்டாண்டு இல்லை, கட்டை வைக்கக் கேரியர் இல்லை, கடைவாசலில் விட்டுவிட்டு உள்ளே போக மனசு இல்லை. பாபநாசம் வரை போகும் வண்டி தெருமுனைக் கடைக்குப் போகாது.

வண்டியிடமிருந்து சோலியைப் பிடுங்கிவிட்டதால் அதை வேறு எங்காவது சேர்த்தாக வேண்டும். உடுப்பில் சேர்க்கிறார். தபால்காரரையோ கண்டக்டரையோ பார்த்து என்ன சோலி என்று யாரும் கேட்பதில்லை. காக்கியே பதில் சொல்லிவிடுகிறது. முதுகில் மூன்று பை வைத்த ஜெர்சி, பஞ்சு தைத்த ஷார்ட்ஸ், பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூ ஆகியவற்றிடமிருந்து அண்ணாச்சி எதிர்பார்ப்பதும் அதையே. நியாயமாகச் சொன்னால் இவற்றில் பாதி தேவையானது. நாலு மணி நேரம் அந்த ஒல்லி சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் பஞ்சின் அருமை தெரியும். ஹெல்மெட்டும் பின்விளக்கும் இல்லாமல் இருட்டில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போவது வீரம் அல்ல, விதியோடு விளையாட்டு. ஆனால் ஜெர்சியின் கையில் பெல்ஜியத்து அணியின் விளம்பரதாரர் பெயர் எதற்கு என்று கேட்டால் பாதுகாப்புக் காரணம் எதுவும் கிடைக்காது.

ஊரோ இந்த உடுப்பைத் தன் இஷ்டத்துக்கு வாசிக்கிறது. ‘பஸ்ஸு வரலியோ?’ என்று ஒரு பெரியவர் இரக்கப்படுவார். ஹேண்டில்பாரில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்துவிட்டு, ‘நாலுவழிச் சாலைக்கா அளக்கிய? எங்க வயலும் போகுதா?’ என்று ஒரு விவசாயி கலங்குவார். வயதானவர்களுக்கு இன்னொரு ஞாபகமும் வரும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமத் திடல்களில் ஒருவர் நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பார். குளியல், சாப்பாடு, சவரம் எல்லாம் வண்டியின் மேலேயே. ஒலிபெருக்கி அலறும், ஊர்ப் பெரியவர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அவரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஆனால் அது அவர் வயிற்றுப்பாடு, ஆகவே சோலி. அண்ணாச்சியை நான் அந்தத் திடல்காரரின் நேரடி வாரிசாகவே கருதுகிறேன். இப்போது பணம் எதிர்த்திசையில் பாய்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பாதை. வண்டியில் இருபத்திரண்டோ இருபத்து நான்கோ கியர் இருக்கும், ஆல்ப்ஸ் மலையில் ஏறுவதற்காக வகுத்தவை. திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து சுமார் 47 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அம்பாசமுத்திரம் சுமார் 76. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வயலும் வாழையுமாக முப்பத்தைந்து கிலோமீட்டர் மிதித்தால் கிடைக்கும் மொத்த ஏற்றம், இரண்டு தென்னையை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்திய உயரம். கண்முன்னே பொதிகை நிற்கிறதே, அதில் ஏறலாமே என்றால், அது 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மாஞ்சோலைக்குப் போகும் அருமையான வளைவுச் சாலை மணிமுத்தாறு சோதனைச்சாவடிக்கு அப்பால் தொடங்குகிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் அதைத் தாண்ட முடியாது. அண்ணாச்சி சாவடிக் கம்பத்தின்மேல் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டு, பயன்படாத இருபது கியரோடு திரும்புவார்.

இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான மலை காற்றில்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குக் காற்று கொட்டும். மாவட்டத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. காற்றை வெட்டிக்கொண்டு போவதற்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியாக உயரும். வேகத்தை இரட்டிப்பாக்கக் கால்கள் எட்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். ஆகவே ஆடி மாதத்தில் மேற்கே போகும் அண்ணாச்சி, கார்பன் சட்டத்தோடும் பெல்ஜிய ஜெர்சியோடும் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டரில் ஊர்வார். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், நாற்பது காட்டும். போகும்போது பட்ட பாட்டுக்குக் காற்று காரணம், வரும்போது பறந்ததற்குப் பயிற்சி காரணம். இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பள உயர்வையும் தேர்தல் வெற்றியையும் நாம் எல்லாரும் இதே முறையில்தான் விளக்குகிறோம்.

காரணமில்லாமல் மேற்கே போய் வருவது அலுத்தவுடன் அண்ணாச்சி பாதைக்கு ஒரு பொருள் தேடுகிறார், ஆறு அதையும் தயாராக வைத்திருக்கிறது. பாபநாசத்தில் தொடங்கி சேர்ந்தபூமங்கலம் வரை ஆற்றோடு இறங்கும் நவகைலாயக் கோயில்கள் ஒன்பது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் நவதிருப்பதிக் கோயில்கள் ஒன்பது. சைக்கிள் குழுவுக்கு இதைவிட வாகான வரைபடத்தை எவரும் போட்டுத் தந்திருக்க முடியாது. சிக்கல் ஒன்றுதான்: தொடை தெரியும் ஷார்ட்ஸோடு உள்ளே போக முடியாது. அதனால் ஒவ்வொரு மதிற்சுவரிலும் வண்டியைச் சாய்த்து ஒரு படம். ஒன்பது கோயிலிலும் தரிசனம் கிடைப்பது சைக்கிளுக்கு. பக்தியில் நாட்டம் இல்லாதவர்களுக்கு ‘பிரெவே’ என்ற நெடுந்தூர ஓட்டம் இருக்கிறது: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், 600-ஐ நாற்பது மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1200 கிலோமீட்டர் ஓட்டம்தான் அதன் காசி. பிரெவே பந்தயம் அல்ல, பரிசு இல்லை, முதலிடம் இல்லை. கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். குறித்த இடங்களில் குறித்த நேரத்துக்குள் முத்திரை வாங்க வேண்டும், முத்திரை குத்த ஆளில்லாத இடத்தில் ஏ.டி.எம். ரசீதும் சாட்சியாகும். அரசு அலுவலகத்தில் இதே முத்திரைக்கு அலைய நேர்ந்தால் முதலமைச்சருக்கு மனு எழுதுகிற மனிதர், இங்கே நடுராத்திரியில் நூறு ரூபாய் எடுத்துவிட்டு ரசீது சரியாக அச்சாகிறதா என்று வேர்க்க வேர்க்க நிற்கிறார். ஸ்டிராவா செயலியில் ஏறாத ஓட்டம் ஓடாத ஓட்டம் என்று அவர் நினைப்பதும் இதனால்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாத நாளை அலுவலகமும் அப்படித்தான் நினைக்கும்.

தார்ச்சாலை தீர்ந்தால் சரள்சாலை. அகலமான டயர் போட்ட ‘கிராவல்’ வண்டி வந்தபிறகு கன்னடியன் கால்வாய்க் கரை, குளத்துக் கரை, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஓரம் எல்லாம் அண்ணாச்சிக்குச் சாகசக் களமாகிவிட்டன. எதிரே புல்லுக்கட்டோடு, மட்கார்டு ஆடும் பழைய வண்டியில், மடித்துக்கட்டிய வேட்டியோடு ஒருவர் சாவகாசமாக வருவதுதான் சாகசத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல். அந்தக் கரையில் அவர் நாற்பது வருஷமாக கிராவல் சைக்கிளிங் செய்துவருகிறார், யாரும் அவரிடம் சொல்லவில்லை. உடைமுள் குத்தும்போது நிலைமை இன்னும் தெளிவாகும். பழைய வண்டிக்கு ஒரு துண்டு வால்டியூப் போதும், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று ஏறும். அண்ணாச்சியின் டியூபில் இருப்பது பிரெஞ்சுக்காரர் முறையில் அமைந்த ஒல்லி வால்வு, கடைக்காரரின் பம்பு அதன் வாயில் உட்காரவே உட்காராது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆழ்ந்த அனுதாபத்தோடு ஒரு டீ சொல்வார்.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. உடம்புக்காக ஓட்டுகிறார், சர்க்கரைக்கு டாக்டர் சொன்னார் என்பது முதல் மறுப்பு. உண்மையே. ஆனால் மருந்தாக வேண்டியிருந்தால் தினம் முக்கால் மணி நேரம் எந்த வண்டியிலும் தெருவைச் சுற்றினால் போதும். எந்த டாக்டரும் டைட்டானியம் ஸ்க்ரூ எழுதித் தருவதில்லை. சுற்றுச்சூழல் என்று இன்னொருவர் சொல்வார். அண்ணாச்சியின் வண்டி குற்றால ஓட்டத்துக்குக் காரின் முதுகில் ஏறிப் போவதைப் பார்த்தபிறகு இதற்குப் பதில் தேவையில்லை. மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: இது வெறும் பணக்காரத் திமிர், வாதம் எதற்கு? இதை நான் ஏற்கமாட்டேன். திமிர் பிடித்தவருக்குச் சொகுசுக் கார் இருக்கிறது. எவரும் முள்ளில் பஞ்சராகி, பெரியவர்களின் இரக்கத்துக்கு ஆளாகித் திமிர் காட்டுவதில்லை.

என் கட்சியையே திருத்தும் ஒரு விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. அண்ணாச்சி குழுவில் பெண்கள் குறைவு. சைக்கிள் அவர்களுக்குப் புதிது அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். அரசு தரும் விலையில்லாச் சைக்கிளில் பிளஸ் ஒன் மாணவிகள் இதே சேரன்மகாதேவிச் சாலையில் தினமும் போகிறார்கள், ஹெல்மெட் இல்லை, கிளீட் இல்லை, அண்ணாச்சி அவர்களைச் சைக்கிள் வீரர்களாக எண்ணுவதும் இல்லை. பள்ளிக்கூடம், வேலை, தண்ணீர்க்குடம் என்று சோலி இருந்தால் பெண்ணுக்குச் சாலை திறக்கும். சோலி இல்லாமல் விடிகாலையில் ஒரு பெண் நூறு கிலோமீட்டர் போவதற்கு வழியில் கிடைக்கும் கேள்விகள், அண்ணாச்சிக்குக் கிடைக்கும் ‘பஸ்ஸு வரலியோ’ போல் இளகியவை அல்ல. அங்கே அந்த ஜெர்சியும் ஹெல்மெட்டும் வேலை செய்கின்றன. அது ஏதோ போட்டி, ஏதோ பயிற்சி, ஏதோ அனுமதி பெற்ற காரியம் என்று பார்க்கிறவர் ஒதுங்கிக்கொள்கிறார். ஆணிடம் வேடிக்கையாகத் தெரியும் அதே வேஷம் பெண்ணிடம் கடவுச்சீட்டாக மாறிவிடுகிறது. பெல்ஜிய விளம்பரதாரரைப் பற்றி மேலே சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இத்தனை ஆராய்ச்சியும் ஒருவருக்கு மட்டும் தேவைப்பட்டதில்லை. அம்பாசமுத்திரம் போகும் சாலையோரத்து டிபன் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொங்கலுக்குக் கூடுதலாக அரிசி போடுகிறார், வடைக்கு இன்னொரு ஈடு ஆட்டி வைக்கிறார். ஏழரை மணிக்கு வாசலில் கிளீட் சத்தம் கேட்டதும் இலையைப் போட ஆரம்பித்துவிடுவார். பொங்கல், வடை, ரவா தோசை, மறுபடி வடை, ரெண்டு காபி என்று உள்ளே போவதைக் கூட்டினால், வரும் வழியில் எரிந்தது அத்தனையும் வட்டியோடு திரும்பியிருக்கும். யார் என்ன சோலியாக வருகிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. பன்னிரண்டு பேர் வாராவாரம் பொங்கல் சாப்பிட வருகிறார்கள். பாவம், சைக்கிளில் வருகிறார்கள்.