தோல் தைக்கக் கெளம்புன பேராண்டிக்கு

ஏ அப்பு, வாரம் பூராம் கம்ப்யூட்டர் தட்டுற கைக்குச் சனி ஞாயித்துல வேற ஒரு சோலி வேணும்னு தோணுறது நல்ல புத்திதான். அது தோல் வேலைன்னு நீ சொன்னப்பக்கூட எனக்குச் சிரிப்பு வரலை. செல்லுல ஒரு சாமான் பட்டியல் காட்டுனியே, அதைப் பாத்துத்தான் வந்துச்சு. பெட்டி நிறைய உளி, ஜப்பான் கத்தி, பளிங்குப் பலகை, அதுக்கு மேல ஆள் உசரத்துக்கு ஒரு மிஷின். அந்த விலைக்கு ஒரு சோடி உழவு மாடு வாங்கி வண்டியும் பூட்டிரலாம். இம்புட்டும் எதுக்குடான்னா, "ஒரு பர்ஸ் செய்யப் போறேன் ஐயா"ங்கற. பட்டியல்ல இருக்கறதை எல்லாம் வாங்கி முடிச்ச பெறகு அந்தப் பர்ஸ்ல வைக்கக் காசு எங்கிட்டு இருந்து வரும்னு மட்டும் நீ சொல்லவே இல்லை.

நம்ம புதுக்கோட்டைச் சீமை இந்தப் பாடத்தை எப்பவோ படிச்சிருச்சு. தொண்ணூறுகள் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. அப்ப கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத் அம்மா. எழுத்தோட சேத்துச் சைக்கிளும் படிங்கன்னு சொன்னாங்க. கல்லு உடைக்கிற பொம்பளை, களை எடுக்கிற பொம்பளைன்னு ஆயிரக்கணக்குல ஏறி மிதிச்சாங்க. லேடீஸ் சைக்கிள் பத்தலைன்னு ஒருத்தியும் மூலையில குந்தலை. ஆம்பளை சைக்கிள்ல ஏறுனாங்க. முன்னால பாரு இருக்கறது பிள்ளையை உக்கார வைக்கத் தோதுன்னு அதுதான் நல்லதுன்னவங்களும் உண்டு. கெடைச்சதுல பழகுனாங்க, சொந்தச் சைக்கிள் பின்னால வந்துச்சு. நீ என்னடான்னா சைக்கிள் கடையையே வெலை பேசிட்டு, பெடல் எந்தப் பக்கம்னு எங்கிட்டக் கேக்குற.

தோலுக்கும் நமக்கும் ஒட்டு உறவு இல்லைன்னு நெனைச்சிராத. பம்புசெட்டு வாரதுக்கு முந்தி கமலை இறைச்ச காலத்துல, சாலுக்கு அடியில தச்ச தோல் வால் கிழிஞ்சா அன்னைக்கு வயலுக்குத் தண்ணி கெடையாது. தச்சன்குறிச்சி வாடிவாசல்ல வருசத்தோட மொதக் காளை பாயறப்பக் கழுத்துல சலங்கை குலுங்குதே, அதைக் கோத்த பட்டையும் தோலுதான். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில ஏத்துன மான்பூண்டியா பிள்ளை நம்ம புதுக்கோட்டைக்காரர். அவர் வழியில வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா ரெண்டுலயும் பேரெடுத்தவர். கஞ்சிராவுக்கு அப்ப உடும்புத்தோல் போத்துவாங்க. அசலாச் செய்யறேன்னு நீ உடும்பு தேடிக் கெளம்பிராத. 1972-ல வந்த வனஉயிர்ச் சட்டம் இருக்கு, கம்பிக்குப் பின்னால இருந்து வாசிக்க வேண்டி வரும். இப்ப ஆட்டுத்தோல்லயே போத்துறாங்க.

வித்துவான் பேரு நோட்டீசுல பெருசா இருக்கும். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பதம் பாத்து மூட்டி, எருமைத்தோல் வாரை இழுத்துக் கட்டுனவர் பேரு எதுலயும் இருக்காது. மிருதங்கம் செய்யற குடும்பங்களைப் பத்தி டி.எம். கிருஷ்ணா 2020-ல 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'னு ஒரு புத்தகமே போட்டார். அப்பத்தான் சபாவுல மொத வரிசையில குந்துறவங்களுக்கு அப்படி ஒரு கை இருக்கறது தெரிஞ்சுது. நம்ம ஊரு மட்டும் ஒசத்தியா? செருப்பு வேணும், ஏருக்கு வார் வேணும், சாவுக்குப் பறை வேணும், அதைச் செஞ்சு குடுத்த மனுசன் மட்டும் திண்ணையில ஏறக் கூடாது. இன்னைக்கு அதே தோலும் அதே ஊசியும் அட்டைப்பெட்டியில வந்து நடுவீட்டுல எறங்குது, குடும்பமே சுத்தி நின்னு போட்டோ எடுக்குது. தீட்டு எந்தக் கூரியர் ஆபீசுல எறங்கிப் போச்சோ தெரியலை!

அதனால மொத யோசனை: பட்டியலை மடிச்சு வச்சிட்டு, பஸ் ஸ்டாண்டு ஓரமா குடை நட்டுச் செருப்புத் தச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர் முன்னால போய்க் கொஞ்ச நேரம் குந்து. உளி, கொக்கி வச்ச குத்தூசி, சுத்தியல், இரும்புக் கால், தீட்டுக்கல்லு, மெழுகு, நூலு. அம்புட்டுத்தான் அவரு கம்பெனி. கையைப் பாரு. கொக்கியூசி மேல இருந்து குத்தி எறங்கும். அடியில இடது கை நூலைக் கொக்கியில மாட்டி விடும். ஊசி மேல ஏறும்போது நூலு வளையமா வரும். அந்த வளையத்துக்குள்ள மேல்நூலை நுழைச்சு ரெண்டு பக்கமும் ஒரே இழு, பின்னல் பொத்தலுக்கு உள்ள போய் உக்காந்துரும். லட்ச ரூவா மிஷினும் இதே பூட்டுத் தையலைத்தான் போடுது. இவருக்குக் கரண்டு பில்லு இல்லை, அம்புட்டுத்தான்.

நீ பழக வேண்டியது ரெட்டை ஊசித் தையல். ஒரே நூலு, ரெண்டு நுனியிலயும் ஊசி. ஒவ்வொரு பொத்தல்லயும் ரெண்டு ஊசியும் எதிரெதிராப் போய் வரும். தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு நூலு எடுத்துக்க, பாதியில தவிக்க வேண்டாம். மிஷின் தையல்ல ஒரு இடம் அந்துச்சுன்னா பக்கத்துத் தையலும் வரிசையா விட்டுக் குடுக்கும். இதுல ஒரு நூலு அந்தாலும் மத்தது புடிச்சுக்கிட்டே நிக்கும். மிஷினுக்கு முந்தி கையை நம்புன்னு நான் சொல்றதுக்கு அதுதான் காரணம், பழம்பெருமை இல்லை.

சாமான்னு பாத்தா ஒரு மஞ்சப்பையில அடங்கும். நல்ல கத்தி ஒண்ணு, இரும்பு ஸ்கேல், அடியில போட அறுப்புப் பாய், குத்தூசி, முனை மழுங்குன ஊசி ரெண்டு, மெழுகு ஏத்துன பாலியெஸ்டர் நூலு, உப்புத்தாள். பொத்தல் போடப் பல்லு வச்ச உளி ரெண்டு போதும். நேர் கோட்டுக்கு நாலு பல்லு, வளைவுக்கு ரெண்டு பல்லு, பல்லுக்குப் பல்லு 4 மில்லிமீட்டர். அது தலையில இரும்புச் சுத்தியலாலப் போட்டு நசுக்கிராத. ஆசாரிகிட்டச் சொன்னா புளியங்கட்டையில கொட்டாப்புளி ஒண்ணு செஞ்சு குடுப்பாரு. கத்தி ஜப்பான்ல பொறந்துச்சா திருப்பாச்சியில பொறந்துச்சான்னு தோலு கேக்காது, தீட்டியிருக்கான்னுதான் கேக்கும். மழுங்குன கத்தியை அமுக்குனா வழுக்கி வெரலைத்தான் மொதல்ல அறுக்கும். தீட்டுக்கல்லு வாங்காம கத்தி வாங்குறவன் பிளாஸ்திரியும் சேத்து வாங்கிக்கணும்.

இனி தோலு. நம்ம சீமைக் கரட்டுல மஞ்சளாப் பூத்துக் கெடக்கே ஆவாரஞ்செடி, அது பட்டைதான் ஒரு காலத்துல மெட்ராஸ் தோலை லண்டன் சந்தை வரைக்கும் கொண்டு போச்சு. பட்டையில ஊற வச்சு, கடுக்காயில முடிச்ச தோலு. ஈ.ஐ. தோல்னு புவிசார் குறியீடே வாங்கியிருக்கு. இப்படிப் பட்டையில பதனிட்டதைக் கேட்டு வாங்கு. தண்ணி தெளிச்சா உறிஞ்சும், நகத்தால கீறுனாத் தடம் நிக்கும், ஓரத்தை ஈரமாக்கிக் கட்டையால அழுத்தித் தேய்ச்சாப் பளபளன்னு வழுவழுத்துரும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் நெறைய வர்றது குரோம் தோல். மெத்துனு இருக்கும், சட்டுனு தண்ணி குடிக்காது, வெட்டுன ஓரத்துல பல நேரம் நீலச் சாம்பல் நெறம் தெரியும். பைக்கும் சப்பாத்துக்கும் அது நல்லது. ஓரம் தேய்ச்சுப் பழகற உனக்கு ஆகாது.

தோலுக்கு விலை சதுர அடிக் கணக்கு, கனம் மில்லிமீட்டர் கணக்கு. பர்சுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும், இடுப்புப் பெல்ட்டுக்கு மூணுக்கு மேல வேணும். முதுகுப் பக்கத்துத் தோலு கெட்டி. வயித்துப் பக்கம் இழுபட்டுத் தொங்கிரும், மனுசங்க நமக்கும் அதுதானே கதி! எடுத்த எடுப்புல முழுத்தோல் வாங்காத. சென்னை பெரியமேட்டுல வெட்டித் தள்ளுன துண்டை நிறுத்தே குடுப்பாங்க. அதை நீ எம்புட்டுக் கெடுத்தாலும் யாரும் வைய மாட்டாங்க.

மிஷினுக்கு வர்றேன், மூஞ்சியைத் தூக்காத. உங்க அப்பத்தா மிதிக்கிற தையல் மிஷின் இருக்கே, மெல்லிசா ரெண்டு மடிப்பு ஆட்டுத்தோலை அது தச்சிரும். தோலுக்குன்னு முனை வெட்டுன 16, 18-ஆம் நம்பர் ஊசி போடணும். தோலு பாதத்துல ஒட்டிக்கிட்டு நகராம அடம் புடிக்கும், டெஃப்ளான் பாதம் மாட்டுனா வழுக்கிக்கிட்டுப் போகும். தையலை நெருக்கிப் போட்டுராத. துணியில போட்ட பொத்தல் மூடிக்கிரும், தோல்ல போட்டது போட்டதுதான். நெருக்கிப் போட்டேன்னா ரசீதுப் புத்தகம் கணக்கா அந்தக் கோட்டுலயே கிழிஞ்சு கையோட வந்துரும். கனமான பெல்ட்டை அதுல திணிச்சு அப்பத்தா மிஷினை முறிச்சேன்னா, அன்னைக்குச் சோத்துக்கு நீ பக்கத்து வீட்டுக்குப் போ, என்னைக் கூப்பிடாத.

அதுக்கு அடுத்தது செருப்புக் கடையில கையால சுத்துவாங்களே, பேட்சர் மிஷின். ஒல்லிக் கை, சப்பாத்துக்குள்ள வரைக்கும் நுழையும். பாதம் எந்தப் பக்கமும் திரும்பும். பழுது பாக்க அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா பாபின் சின்னது, அடிக்கடி நூல் சுத்தணும், தையலும் சீராப் படியாது. அழகா நேர்கோடு போட அதை வாங்குனா உனக்கும் கோவம், அதுக்கும் கோவம்.

நீ படம் காட்டுனது வாக்கிங் ஃபுட் மிஷின். சாதா மிஷின்ல அடியில இருக்கிற பல்லு மட்டும்தான் தோலைத் தள்ளும். இதுல அடிப்பல்லு, ஊசி, மேல்பாதம் மூணும் சேந்து நடக்கும், அதனால மேல் மடிப்பு நழுவாது. பலகை தட்டையா இருந்தாப் பெல்ட்டுக்கும் பர்சுக்கும் சரி. பைக்கு உருளைக் கை வச்சது வேணும். சப்பாத்து மேல்பாகத்துக்குத் தூண் வச்சது. என்ன செய்யப் போறேன்னு தெரியாம மிஷின் வாங்குறது, பொண்ணு பாக்காமப் பந்தக்கால் நடுறது. அப்படியே வாங்குனாலும் கிளட்ச் மோட்டார் வேணாம். மிதிக்காம இருந்தாலும் உறுமிக்கிட்டே கெடக்கும், கொஞ்சம் மிதிச்சா வாடிவாசலைத் தாண்டிரும். செர்வோ மோட்டார் மெதுவா ஒவ்வொரு தையலா நடக்கும், பழகற காலுக்கு அதுதான் லாயக்கு. வாங்கறதுக்கு முந்தி உன் தோலு, உன் நூலு ரெண்டையும் கடைக்கே எடுத்துட்டுப் போய்த் தச்சுப் பாரு. கடைக்காரரு வச்சிருக்கிற துணித் துண்டுல எந்த மிஷினும் நல்லாத்தான் தைக்கும்.

முறையாப் படிக்க ஆசையா, அடையாத்துல 1948-ல இருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கிண்டியில காலணிப் பயிற்சி நிலையம் இருக்கு. போய் விசாரி. அதுக்கு முந்தி சாவிக்கொத்துக்கு ஒரு பட்டை, அட்டை வைக்க ஒரு உறை, அப்புறம் பெல்ட்டு. அதெல்லாம் தேறுனா நம்ம வீட்டுக் காளைக்குச் சலங்கைப் பட்டை தச்சுக் குடு. தையல் நின்னுச்சா இல்லையான்னு காளையே சொல்லிரும், அதுக்கு முகதாட்சண்யம் கெடையாது.

நாளைக்கு வெள்ளெனப் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பு. போறப்பக் கையை வீசிட்டுப் போகாத. அந்தக் குடைக்கார மனுசருக்கு ஒரு நாள் வரும்படி எம்புட்டோ அதை முன்கூட்டியே கையில குடு. வயசுல சின்னவரா இருந்தாலும் "வாங்க, போங்க"ன்னு பேசு. ஸ்டூலு கேக்காத, அவரு விரிச்ச சாக்குலயே ஒரு ஓரமா உக்காரு. அம்புட்டும் செஞ்ச பெறகும் மிஷின் வேணும்னு தோணுச்சுன்னா சொல்லு, விலை பேச நானே கூட வர்றேன்.