மீட்டர் போர்டின் அணையா விளக்கு: சேலம் – நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் அளவையியல் ஆய்வு

தமிழ்நாட்டில் அணையாதது என்று பெயர் பெற்றவற்றுள் முதலிடம், 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்புக்கு. இரண்டாமிடத்துக்குப் போட்டியிடும் தகுதி, பழைய கார்களின் மீட்டர் போர்டில், வெளியே ஏதோ ஒரு பல்பு போயிற்று என்று பல்பு படம் போட்டு எரிந்துகொண்டிருக்கும் அந்தச் சின்ன விளக்குக்கு உண்டு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அடுப்பைப் பற்றி நூல்கள் உண்டு. விளக்கைப் பற்றியோ, பட்டறைகளில் வாய்மொழியாக வழங்கும் சில கருத்துகள் தவிர வேறு இலக்கியம் இல்லை. அக்குறையை நீக்க வந்தது இவ்வாய்வு.

முதற்கண் எல்லை. வடக்கே ஓமலூர், தெற்கே பரமத்தி வேலூர்க் காவிரிக்கரை, மேற்கே சங்ககிரி, கிழக்கே கொல்லிமலை அடிவாரம். இந்நிலம் முன்பு ஒரே சேலம் மாவட்டமாக இருந்து, 1997 ஜனவரி 1 முதல் இரண்டாயிற்று. விளக்கு இப்பிரிவினையைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அடுத்து ஆய்வுப்பொருள். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் இதில் அடங்கா. அவற்றில் இவ்விளக்கே கிடையாது. பின்னால் பிரேக் லைட் எரியவில்லை என்பதை அம்பாசிடர்காரருக்கு அறிவித்தவர் பின்னால் வந்த லாரி டிரைவர். அறிவித்த முறை ஹாரனும், முந்திச் செல்லும்போது சொன்ன இரண்டொரு சொல்லும். எச்சரிக்கைக் கருவி என்ற வகையில் அதற்கு இணையானது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. லாரித் தொழிலால் வாழும் நாமக்கல் பக்கத்தில் இந்தச் சேவை இராப்பகலாக, கட்டணமின்றிக் கிடைத்தது. ஆகவே நம் ஆய்வுப்பொருள் அடுத்த தலைமுறை: 1995 முதல் புணேயில் பூட்டப்பட்ட மெர்சிடிஸ் டபிள்யூ 124-உம் அதன் வகையறாவும். புதிதாக வந்தபோது அந்தஸ்து. இன்று நாலு கை மாறி, பட்டறை வேப்பமரத்தடியில் நிற்கும் பொருள்.

இனிச் சிக்கல். பிரேக்கை மிதிக்கிறோம், வீட்டுப் பையனைப் பின்னால் நிறுத்திக் கேட்டால் ‘ரெண்டும் எரியுதுங்’ என்கிறான். உள்ளேயோ, பல்பு போயிற்று என்று விளக்கு சொல்கிறது. பையன் சொல்வது மெய்யா, விளக்கு சொல்வது மெய்யா?

மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். பையனுடையது அவற்றுள் காண்டல். ஐயத்துக்கு இடமில்லை, கண்ணால் பார்த்தான். விளக்கினுடையது அபாவம், அதாவது ஒன்று இல்லை என்று அறியும் அளவை. ஓரிடத்தில் ஒரு விளக்கு எரியவில்லை என்பதை வேறோரிடத்தில் ஒரு விளக்கை எரித்துக் காட்டுவது அபாவத்துக்குக் கிடைத்த மிக ஆடம்பரமான உதாரணம். தருக்க நூலார் தரையில் குடமில்லை என்ற பழைய எடுத்துக்காட்டோடு நின்றுவிட்டனர். அவர்களிடம் கார் இல்லை.

இவ்வழக்கை ஒரு காலத்தில் நம் பட்டறைகள் மூன்று தத்துவப் பள்ளிகளாக நின்று தீர்த்து வந்தன. முதற்பள்ளியினர் விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுவர். கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்பது இவர்கள் கொள்கை. இரண்டாம் பள்ளியினர் மீட்டர் போர்டைக் கழற்றி, எச்சரிக்கை விளக்கின் பல்பையே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வர். மூன்றாம் பள்ளியினரே பெரும்பான்மை. ‘அட விடுங்ணா, வண்டி பாட்டுக்கு ஓடுதில்லீங்’ என்பது இவர்களின் மகாவாக்கியம்.

மூன்று பள்ளிகளும் ஒரு பிழையில் ஒன்றுபடுகின்றன. விளக்கு பின்னால் எரியும் ஒளியைப் பார்க்கிறது என்று நம்புகின்றன. அதற்குக் கண்ணே கிடையாது. அது அறிவதெல்லாம் மின்னோட்டம். 12 வோல்ட்டில் 21 வாட் பிரேக் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். 5 வாட் பின் விளக்கு 0.4 ஆம்பியர் அளவு. இந்தக் கணக்கு குறைந்தாலோ, இடமும் வலமும் ஒவ்வாவிட்டாலோ அது எரியும். ஒளி வந்ததா என்பது அதன் விசாரணை வரம்புக்கு வெளியே.

இக்கொள்கையைத் தூய வடிவில் காண வேண்டுவோர், 1974 முதல் 1993 வரை ஸ்வீடனில் தயாரான வால்வோ 240-ஐப் பார்க்க வேண்டும். அதில் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த சிறு காந்த சுவிட்ச் ஒன்று. அதைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். இடது பல்பின் மின்னோட்டம் ஒன்றில், வலதின் மின்னோட்டம் மற்றதில். இரண்டும் சமமானால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சுவிட்ச் உறங்கும். ஒன்று குறைந்தால் மற்றதன் காந்தம் ஓங்கி, சுவிட்ச் மூடி, விளக்கு எரியும். திருச்செங்கோட்டு மலையடியில் வளர்ந்தவர்கள் இதில் அர்த்தநாரீசுவர தத்துவத்தைக் காண முற்படலாம். அதை ஏற்பதற்கில்லை. அங்கே இரு பாதியும் வேறுபட்டும் சமம். இங்கே ஒரே கம்பெனி, ஒரே வாட் என்று இருந்தால்தான் சமம்.

இவ்வமைப்பின் உச்சகட்ட அழகு, இரண்டு பல்பும் ஒருசேரப் போனால் வெளிப்படும். இரு பக்கமும் சுழி. சுழிக்குச் சுழி சமம். ஆகவே எச்சரிக்கை இல்லை. பின்புறம் கும்மிருட்டு, உள்ளே பூரண நிம்மதி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஒருவர் இந்நிலையை எய்தினால், அவருக்குப் பின்னால் வருபவர் மட்டுமே உண்மையை அறிவார்.

இனிக் காரணங்கள். எர்த் முதலாவது. சமவெளி வெயிலில் பின் விளக்கைச் சுற்றிய ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. சர்வீஸ் ஸ்டேஷனில் பீய்ச்சும் தண்ணீர் அவ்வழியே உள்ளே இறங்கி, எர்த் ஒயர் பாடியில் பூட்டிய இடத்தைத் துருவாக்குகிறது. துரு மின்னோட்டத்தைத் தடுக்கிறது. பல்புக்கு வரும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். பட்டப்பகலில் நிற்கும் பையனுக்கு அது தெரியாது. துரு முற்றினால், பிரேக் மிதிக்கும்போது அதே பக்கத்து இண்டிகேட்டரோ பின் விளக்கோ மங்கலாக மினுக்கும். எர்த் கிடைக்காத மின்சாரம் அடுத்த இழை வழியாகத் தப்பி ஓடுகிறது. இதைப் பேய் வேலை என்று கருதி எலுமிச்சம்பழம் கட்டுவதற்குமுன் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது ஆய்வு நெறிக்கு உகந்தது.

எல்இடி இரண்டாவது. 21 வாட்டைக் கழற்றி எல்இடி போட்டவர், வெளிச்சம் கூடிச் செலவு குறைந்தது என்று மகிழ்கிறார். குறைந்த செலவையே விளக்கு குற்றமாகப் பதிவு செய்கிறது. பரிகாரமாக, பல்புக்குப் பக்கவாட்டில் ஒரு ரெசிஸ்டர் வைப்பார்கள். அதாவது மிச்சமான மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்கிக் காட்டினால்தான் விளக்கு சமாதானமாகும். அரசு அலுவலகங்களில் மார்ச் மாதத்தில் இவ்வகை ரெசிஸ்டர்கள் நிறையப் பயன்படுவதாகக் கேள்வி.

மூன்றாவது காரணமே இவ்வாய்வின் பங்களிப்பு. இந்த மண்ணுக்கே உரியது. கார் 12 வோல்ட். கனரக லாரிகளில் பெரும்பாலானவை 24 வோல்ட். லாரி பாடி கட்டும் ஊரிலும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் சாமான் வாங்கும் கடையிலும், ‘பிரேக் பல்பு ஒண்ணு குடுங்க’ என்றால் கடைப்பையனின் கை தானாகப் போகும் பெட்டி எது? இரண்டும் அதே 21 வாட், அதே கண்ணாடி, அதே பித்தளை அடி, அதே இரண்டு முளை. ஹோல்டரில் சிக்கென்று உட்காரும். வேறுபாடு, பித்தளை அடியில் பொடி எழுத்தில் பொறித்த எண் ஒன்றே.

24 வோல்ட் பல்புக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது அணைந்துபோவதில்லை. அங்கேதான் வினை. ஏறத்தாழ 0.6 ஆம்பியர் இழுத்து, இயல்பான வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு தந்து, செக்கச்செவேலென்று உயிரோடிருக்கும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சோகை எரிவதாகவே தோன்றும். ஆகவே பையன் சொன்னது மெய். மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டத்தைக் கண்டு அலறிய விளக்கு சொன்னதும் மெய். காண்டலும் அபாவமும் முரண்பட்டதாக நாம் கருதிய வழக்கில், இரு சாட்சிகளும் உண்மை பேசியிருக்கிறார்கள். பியூஸை மாற்றி, ரிலேவை மாற்றி, ஒயரிங்கையே சந்தேகித்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்தவர்களிடம் இதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மறுப்புக்கு இடமுண்டு. எச்சரிக்கை விளக்கின் பல்பே போனால் அதை எச்சரிப்பது எது? அதற்கொரு விளக்கு, அந்த விளக்குக்கொரு விளக்கு என்று போனால் தருக்கத்தில் அநவத்தை என்னும் குற்றம் வரும். கார்க்காரர்கள் இதை முன்பே உணர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டின் விளக்குகள் தாம் உயிரோடிருப்பதைச் சற்றுநேரம் எரிந்து காட்டுகின்றன. அவ்வேளையில் நாம் பெரும்பாலும் சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வு முடிவு: விளக்கு குற்றமற்றது. டேப் ஒட்டியவர்கள் உரித்துவிடலாம். பல்பு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். ‘காருக்கு, 12 வோல்ட், 21 வாட்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கம்பெனியாக இரண்டு வாங்குங்கள். காசு கொடுக்குமுன் பித்தளை அடியைத் திருப்பி எண்ணைப் படித்துவிடுங்கள். எழுத்து பொடிதான், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.