ஆக்‌ஷன் சாங் அண்ணன்

மார்ச் பிறந்தால் வந்துவிடுவார். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அப்போதுதான் ஒரு வார விடுமுறை, கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வும் அதே மார்ச்சில். இரண்டும் சேர்ந்து வருவதை அவர் தேவசித்தம் என்பார். எங்கள் விடுதி வார்டன் சொல்வது அச்சேறாது.

அப்பா அம்மா மார்த்தாண்டத்துக்காரர்கள். இவர் பிறந்தது டல்லாஸில். ஒரு டீமோடு டூரிஸ்ட் விசாவில் வருவார். அந்த விசாவில் மதப்பிரசாரம் கூடாது என்பது விதி. அவர் இங்கே செய்வதை ஒரு வாரம் கூட இருந்து பார்க்கும் எந்த அதிகாரியும் விதி மீறப்பட்டதாக எழுத மாட்டார்.

செய்வது ஒன்றுதான். ஆக்‌ஷன் சாங். எங்கள் வலியதுறை விடுதிப் பையன்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, கையைத் தூக்கு, குனி, குதி, சுற்று என்று பாட்டுக்கு அபிநயம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார். வெயில் ஏற ஏற உற்சாகமும் ஏறும். அவருக்குத் தெரியாத விஷயம், இந்தப் பையன்கள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கோடை விடுமுறைதோறும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியில் இதே பாட்டுக்குக் குதித்து வளர்ந்தவர்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் தாளம் பிசகாது. ஆனால் விருந்தாளி மனம் நோகக்கூடாதே. முதல் நாள், வலது கையைத் தூக்க வேண்டிய இடத்தில் ஐந்தாம் வகுப்பு வாண்டு ஒருவன் இடது கையைத் தூக்குவான். இன்னொருவன் குதிக்க மறந்து திருதிருவென்று விழிப்பான். இரண்டாம் நாள் பாதி தேறுவார்கள். மூன்றாம் நாள் மொத்தக் கூட்டமும் பிசிறில்லாமல் ஆடி முடிக்கும்போது அண்ணனுக்குக் கண் கலங்கிவிடும். கண் கலங்கினால் சாக்லேட் பெரிய பாக்கெட்டாக வரும் என்பது பையன்களின் அனுபவ அறிவு.

ஒருமுறை நடுவில் ஒரு பொடியன் கையை உயர்த்தி, "சேட்டா, இது இங்க வர்ற கொரியாக்காரங்க ஸ்டெப். உங்க ஸ்டெப்ல ரெண்டு தடவை சுத்தணும்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் காலை மிதித்தான். அண்ணனுக்கு மலையாளம் தெரியாததால் தொழில் ரகசியம் தப்பியது.

ஒருநாள் நெய்யூருக்குக் கூட்டிப்போனோம். 1922-ல் எவரெஸ்ட் பயணத்தை முடித்த கையோடு ஊர் சுற்றிப்பார்க்க வந்த ஹோவர்ட் சோமர்வெல், அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அத்தனை நோயாளிகளுக்கும் ஒரே ஒரு சர்ஜன் திண்டாடுவதைக் கண்டு லண்டன் எதிர்காலத்தை உதறியவர். 1924-ல் மறுபடி எவரெஸ்டில் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறி இறங்கியதைத் தவிர்த்தால், இருபது வருஷத்துக்கும் மேல் திருவிதாங்கூர்க்காரர்களின் வயிற்றுப்புண்ணை அறுத்துக்கொண்டு அங்கேதான் கிடந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அண்ணன், "அவர் டீமில் எத்தனை பேர்?" என்றார்.

சிரித்தாயிற்று. கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுகிறேன். இவர் எஞ்சினியரிங் படிக்கிறவர். முற்றத்தில் ஸ்பீக்கர் அலறும்போது பத்தாம் வகுப்புப் பையன்கள் மாடியில் காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். அவர் டீமின் விமானக் கட்டணத்தில் ஒரு கணக்கு சாரை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். அது முடியாதென்றால் அவராவது மாடி ஏறலாமே? குதிக்கிற பையன்கள்தான் போட்டோவில் நன்றாக வருகிறார்கள் போலிருக்கிறது.

போன தடவை நாலாம் நாள் ராத்திரி, சின்னவன் ஒருவனுக்கு வாந்தியும் காய்ச்சலும். எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அண்ணன் தானாகவே வந்தார். பையன் வாந்தி எடுத்ததெல்லாம் அவருடைய டீம் டி-ஷர்ட்டில்தான், முகம் சுளிக்கவில்லை. துணைக்கு வந்த பத்தாம் வகுப்புப் பையன் கையோடு கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தான். வராந்தாவில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார்கள். கலங்கரை விளக்கத்தின் உயரமும் படகின் தூரமும் கேட்கிற கணக்கு. மொழி ஒத்துவராத இடத்தில் படம் போட்டார். விடிகிறவரை போட்டார். பையன் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தையே வரைந்து காட்டினான்.

காலையில் அண்ணனைக் கொண்டுவந்து விட்டோம். அரை நாள் தூங்கினார். ஊருக்குப் போனபின் அவர் சபைக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. ஆக்‌ஷன் சாங்குக்கு இரண்டு பக்கம், படங்களோடு. அந்த ராத்திரிக்கு ஒரே வரி: உடல்நலக் காரணங்களால் ஒருநாள் ஊழியம் தடைப்பட்டது.