ஐந்து நட்சத்திரமும் உப்பளத்து வெயிலும்

மருத்துவச் செயலி எதுவானாலும் கருத்துக் கேட்கும் பெட்டி ஒன்று தவறாமல் இருக்கும். ஐந்து நட்சத்திரம் கேட்கும். அதை வடிவமைப்பவர் உட்கார்ந்திருப்பது ஏசி அறையில். மரக்காணம் உப்பளத்தில் வெள்ளைப் பாத்தியிலிருந்து கண்ணில் அடிக்கும் வெயிலில், செயலியின் நாகரிகமான சாம்பல் எழுத்து இருப்பதே தெரியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற திட்டம். உப்பு வாருகிறவரோ விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறவர். அவரைத் தேடிப் போகும் களப்பணியாளர் வரப்பில் நின்று, ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார அடையாள எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் பிசகி, மொத்தப் படிவமும் அழிந்துபோனால் வாயில் வரும் கருத்தை அச்சில் ஏற்ற முடியாது.

“பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்” என்பார்கள். தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரத்தின் கதை வேறு சொல்கிறது. 1986இல் டெக்சாஸின் டைலர் நகரில் நோயாளிகள்மேல் அளவுமீறிக் கதிர் பாய்ந்தது. திரை காட்டியதோ “கோளாறு 54” என்று மட்டும். அப்படி நடக்கவே வழியில்லை என்றது நிறுவனம். இயந்திரத்தை இயக்கியவரும் மருத்துவமனை இயற்பியலாளரும் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்: தட்டியதை வேகமாகத் திருத்தினால்தான் பிழை வரும். அதாவது, கை நன்றாகப் பழகியவருக்குத்தான்!

பயன்படுத்துகிறவர்களிடம் போனால் ஆளாளுக்கு ஒன்று கேட்பார்களே என்பது நியாயமான கவலை. கேட்டதையெல்லாம் செய்ய வேண்டாம். அவர்கள் செய்வதைப் பார்த்தால் போதும். களப்பணியாளர் நோட்டில் குறித்துக்கொண்டு மாலையில் செயலியில் ஏற்றுகிறார் என்றால், அந்த நோட்டைவிடப் பெரிய விமர்சனம் கிடையாது. அதன் கட்டங்களை அப்படியே திரைக்குக் கொண்டுவந்து, ‘பதிப்பு 2.0’ என்று விழா எடுத்தாலும் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.