பாடும் மீனுக்கு 499 கோடி

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். கேட்டவர்கள் ஏராளம், பிடித்துக் கறி வைத்தவர் எவருமில்லை. ஆகவே சந்தையில் அதற்கு விலையுமில்லை. எங்கள் ஆட்களுக்கு வியாபாரம் தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 1999இல் அந்த மீனை நாஸ்டாக்கில் இறக்கியிருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஒக்டோபரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே அங்கே இறங்கியது. இந்திய இணையக் கம்பனிகளில் அதுதான் முதல் ஆள். மறுமாதமே ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டை 499 கோடி இந்திய ரூபாய்க்குப் பேசி முடித்தது. என்ன சரக்கு? சமாச்சார், கேல், கோஜ், பாவர்ச்சி. அதாவது செய்தி, விளையாட்டு, தேடல், சமையல். எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடை இந்த நாலையும் வடையோடு இனாமாகவே கொடுத்துவந்தது! வருஷ வருமானமோ ஒன்றரைக் கோடிகூட இல்லை. போட்ட முதல் திரும்ப முந்நூறு வருஷம் தாண்டும்; அதுவும் ஒருவருக்கும் சம்பளம் கொடுக்காவிட்டால். ஆனால் கடையை எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள் என்று எண்ணி விலை போட்ட காலம் அது.

வாவிக்கரை மீன்காரியிடம் ஒரு தோணியை விற்றுப் பாருங்கள். மண்ணெண்ணெய், ஐஸ், வலை பொத்துகிற கூலி எல்லாம் போக, இனி வருகிற வருஷங்களில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்றுதான் கேட்பா. வரப்போகிற மீனுக்கு இன்றைய மீனின் விலையைத் தரவும் மாட்டா. கம்பனியின் பெறுமதி என்று பல்கலைக்கழகங்களில் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான். கட்டணம் மட்டும் கூட.

அதற்காக நட்டப்பட்ட கம்பனியெல்லாம் வெறும் பாட்டு என்றும் தள்ளமுடியாது. அமேசான் முழு வருஷ லாபத்தை முதலில் கண்டது 2003இல். ஆனால் வாங்குகிறவர் உடனே காசு கட்டினார். புத்தகம் கொடுத்தவருக்கு அது ஆறுதலாகத்தான் போனது. காலையில் மீனை விற்றுவிட்டு, தோணிக்காரருக்குப் பொழுதுபட்டபின் காசு கொடுக்கிற அதே வித்தை.

மறுகா என்ன? 2000 மார்ச்சில் 5,000ஐத் தாண்டிய நாஸ்டாக் சுட்டெண், 2002 ஒக்டோபரில் 1,100 பக்கமாய்க் கிடந்தது. அதற்குள் 499 கோடியின் கணக்கும் முடிந்திருந்தது. முதல் தவணை ரொக்கம். மிச்சத்தில் பெரும்பங்குக்குச் சத்யம் இன்ஃபோவே கொடுத்தது தன் பங்குகளை. பாட்டை வாங்கினார்கள், கடனையும் பாடியே தீர்த்தார்கள்.